கழுதை மூலையில் நின்ற கிடாரம்

என் தங்கை டிலோஜினியைப் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை. அவள் பெரிய படிப்புப் படித்தவளோ மேடை ஏறியவளோ அல்ல. பள்ளிமுனையில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறாள். ஆனாலும் ஒன்பதடிக்கு எட்டடிச் சமையல் குசினி ஒன்றுக்குள் நின்றுகொண்டு, தான் இருக்கும் ஒழுங்கைத் தெரு முழுவதற்கும் கூழ் ஊற்றியவள் மன்னார்த் தீவிலே அவள் ஒருத்திதான். அண்ணன் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அண்ணன் என்பதற்காகவும் கொஞ்சம் சொல்கிறேன்.

சாமான் அடுக்குவதில் அவள் பிறவிக் கெட்டிக்காரி. சின்ன வயதில் அப்பா கொண்டுவரும் மீனைப் பெட்டியில் போடச் சொன்னால், தலையும் வாலும் மாற்றி மாற்றி அடுக்குவாள். மற்றவர்கள் ஒரு பெட்டி நிரப்புகிற மீனைக் காட்டிலும் அரைப் பெட்டி மீன் கூடுதலாக அதற்குள் போய்விடும். பெட்டிக் கணக்கில் மீன் வாங்குகிறவர் அவளைக் கண்டால் மிட்டாய் கொடுப்பார். அப்பா தலையில் கை வைப்பார். கடைசியில் அப்பா, "நீ படிக்கப் போ பிள்ளை, மீனை நாங்கள் பாக்கிறம்" என்று சொல்லிவிட்டார்.

அவள் கலியாணம் முடித்தது இன்பாஸை. கடலுக்குப் போகிறவன், நல்ல பிள்ளை. போட்டில் எந்தக் கயிறு எங்கே கிடக்கிறதென்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பான். வீட்டில் உப்புப் போத்தலைக் கண்ணுக்கு முன்னால் வைத்தாலும், "இஞ்சேருமப்பா, உப்பு எங்க?" என்று கேட்பான்.

இனிக் கிடாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஒழுங்கை முகப்பில் அந்தோனியார் சுருவம் வைத்த சின்னக் கோயில் ஒன்று இருக்கிறது. அவருடைய பெருநாளன்று பூசை முடிய, ஒழுங்கைச் சனம் எல்லாருக்கும் பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சி ஊற்றுவது எங்கள் வழக்கம். அதற்கென்றே ஒரு செப்புக் கிடாரம் உண்டு. வாய் அகலம் மூன்றடி, ஆழமும் கிட்டத்தட்ட அவ்வளவு, இரண்டு பக்கமும் யானைக் காது மாதிரிப் பிடி. கடல் காற்றுப் பட்டால் பச்சை பிடித்துவிடும் என்பதால் அதை வருசம் முழுவதும் ஒரு வீட்டுக் குசினிக்குள் வைத்திருக்க வேண்டும். எந்த வீட்டில் கிடாரம் நிற்கிறதோ அந்த வீட்டுக்காரிதான் பெருநாளன்று கூழ் துழாவுவாள். உப்புப் புளி பார்த்துச் "சரி" என்று சொல்லுகிற வாயும் அவளுடையது. அவள் சொல்லும்வரை பூசை வைத்த சுவாமிகூடக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்.

அந்த வாய் நாலைந்து வருசமாக என் தங்கையின் வாய். அதை எடுத்துக்கொள்ள முன்வீட்டுக் கிறேஸ் அக்காவுக்கு நெடுநாள் ஆசை.

டிலோவின் பழைய குசினி தகரக் கொட்டில். அது சாய்ந்துவிட்டது. காணியில் மிஞ்சின இடத்தில் ஒன்பதடிக்கு எட்டடிதான் கல்லுச் சுவர் வைத்துக் கட்டலாம். அத்திவாரம் வெட்டின அன்றே கிறேஸ் அக்கா வேலியால் எட்டிப் பார்த்தா.

"இதென்ன டிலோ, குசினியோ கோழிக்கூடோ?"

"கோழிக்கூடெண்டா உங்களுக்குச் சொல்லாம கட்டுவனா அக்கா?"

"எனக்கென்ன. கிடாரம் உள்ளுக்க நிண்டா நீ வெளியில நிண்டெல்லோ சமைக்கவேணும்? என்ர குசினியில அது படுத்து உருளலாம்."

இது கோயில் வேலைகளுக்குப் பொறுப்பான சிங்கராசா மாமாவின் காதுக்கும் போனது. அவர் வந்து அத்திவாரத்தைச் சுற்றி நடந்தார். சுற்றி முடிய அதிக நேரம் எடுக்கவில்லை.

"பிள்ளை, நான் நேரா சொல்லுறன். பெருநாளுக்கு முதல் கிடாரத்துக்குக் குசினியில இடம் காட்டு. காட்டாட்டி அது கிறேஸ் வீட்டுக்குப் போகும். அந்தோனியார்ர கிடாரத்தை மழையில விடேலாது."

அன்று டிலோ அழவில்லை. என் அளவு நாடாவைக் கேட்டு வாங்கினாள்.

கடதாசியில் கீறிப் பார்த்தாள், பிடிக்கவில்லை. "கடதாசியில கீறினா குனிஞ்சு நிமிரேலாது அண்ணை" என்றாள். எனக்கு அந்த நியாயம் விளங்கியது. பிறகு வீட்டுக்குப் பின்னால் கடற்கரை மணலில், உண்மையான அளவிலேயே ஒரு குசினியை விரித்தாள். நாலு மூலைக்கும் தடி, சுவருக்கு இடுப்பளவு உயரத்தில் பழைய வலைக் கயிறு, வாசலுக்கு ஓர் இடைவெளி. மீன் போடும் பாரமில்லாத வெள்ளை றெஜிபோம் பெட்டிகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் பிறிஜ். கவிழ்த்த வாளி காஸ் அடுப்பு. கையால் தோண்டின குழி, பாத்திரம் கழுவுகிற தொட்டி. கிடாரத்துக்குப் பதிலாக வேறொன்றும் வைக்க மனம் வராமல் உண்மையான கிடாரத்தையே கொண்டுவந்தாள்.

பின்னேரங்களில் நாங்கள் அந்த மணல் குசினிக்குள் சமைத்துப் பழகினோம். நெருப்பில்லை, அரிசியில்லை, ஆனால் அதட்டல் இருந்தது.

"அண்ணை! பிறிஜுக்கால கையை விடாதேங்கோ, கதவைத் திறவுங்கோ."

"பெட்டிக்குக் கதவெங்க பிள்ளை?"

"திறந்த மாதிரிச் செய்யுங்கோ. திறந்தா கதவு உங்கட முழங்காலில முட்டும், அதுதான் பாக்கவேணும்."

கடற்கரையால் போன ஒரு மனிசன் நெருப்புப்பெட்டி கேட்டுக் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். டிலோ அவரைத் திரும்பப் போகச்சொல்லி வாசலால் வரவைத்தாள். "சுவருக்குள்ளால வாறதுக்கு நீங்களென்ன பேயோ?" என்று கேட்டாள். பாவம், மனிசன் வாசலில் செருப்பையும் கழற்றிவிட்டு வந்தார்.

இன்பாஸின் யோசனை வேறு. "போட்டில ஒரு சாமானும் கீழ கிடக்காது. எல்லாத்தையும் கூரையில கட்டித் தூக்குவம்" என்று சட்டி, பானை, சுளகு, இடியப்ப உரல் எல்லாவற்றையும் மேலே கட்டிய கயிற்றில் தொங்கவிட்டான். காற்றடிக்க இடியப்ப உரல் ஆடிவந்து அவன் பிடரியிலேயே தட்டியது. அதோடு அந்த யோசனை முடிந்தது. சுளகுக்கு மட்டும் ஒரு கொழுக்கி கிடைத்தது.

எதைச் செய்தும் கிடாரத்துக்கு இடம் வரவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் தொட்டிக்குப் போக முடியாது. தொட்டிக்கு முன்னால் வைத்தால் பிறிஜ் திறக்காது. நடுவில் வைத்தால் கிறேஸ் அக்கா சொன்னது சரியாகிவிடும். ஒரு பின்னேரம் டிலோ வெறுத்துப்போய்க் கிடாரத்தை வெளியே எடுத்து வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனாள். திரும்பி வந்தால் குசினிக்குள் ஒரு கழுதை படுத்திருக்கிறது.

மன்னாரில் கழுதை படுப்பது புதினமல்ல. றோட்டு நடுவிலும் படுக்கும், வங்கி வாசலிலும் படுக்கும். இது பிறிஜுக்கும் தொட்டிக்கும் இடைப்பட்ட மூலையில், கயிற்றில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, காலை மடக்கிப் படுத்திருந்தது. இன்பாஸ் துரத்தினான், அசையவில்லை. நான் காதைப் பிடித்து இழுத்தேன், என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது.

"விடுங்கோ, அது கிடக்கட்டும். எனக்கு நேரமில்ல" என்று டிலோ கழுதையையும் வைத்துக்கொண்டே சமையல் பழக்கத்தைத் தொடங்கினாள். அரிசி கழுவினாள், பிறிஜ் திறந்தாள், அடுப்புக்குத் திரும்பினாள், தேங்காய் துருவினாள். பாதியில் அப்படியே நின்றுவிட்டாள்.

"அண்ணை, நான் இதில ஒருக்காலும் தடக்குப்படேல்லையே!"

நான் ஓடிப்போய் நாடாவை எடுத்துவந்து கழுதையை அளந்தேன். படுத்த நிலையில் கிடாரத்தைவிட நாலு விரற்கடை பெரிது. கழுதைக்கு இடமிருந்தால் கிடாரத்துக்கும் இடமுண்டு! பிறிஜைச் சாணளவு தள்ளினால் கிடாரத்தின் காதுகளும் அடங்கும். அந்த மூலைக்கு அன்றைக்கே கழுதை மூலை என்று பெயர் வைத்தோம், கதை ஒழுங்கை முழுக்கப் போனது.

அதற்குமேல் அவளுடைய மூளை தண்ணீர் மாதிரி ஓடியது. கிடாரத்தின்மேல் பலகை மூடி போட்டால் அது மேசை. உள்ளே வெங்காயமும் தேங்காயும் போட்டால் அது அலுமாரி. மூலைக்கு மேலே ஒரு புகைக்கூடு, காஸ் முடிந்தால் விறகு வைத்து எரிக்கலாம். நிலத்தில் ஓட்டை விட்டுக் குழாய் வைத்தால் கிடாரத்தை நின்ற இடத்திலேயே கழுவலாம்.

வெங்காயத்துக்குச் சிங்கராசா மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "பிள்ளை, அந்தோனியார் துலைஞ்ச சாமானைக் கண்டுபிடிச்சுக் குடுக்கிறவர். உன்ர வெங்காயத்துக்குக் காவல் நிக்கிறவரில்ல." பேசிப் பேசி, அரிசி மூட்டை மட்டும் வைக்கலாம் என்று முடிந்தது.

கட்டுவதற்கு மேசன் பைசர் வந்தார், கைச்சுத்தமான வேலைக்காரர். கழுதை மூலையில் கிடாரம் இருக்க ஓர் அரைவட்ட மேடை வேண்டும் என்று டிலோ சொன்னாள்.

"அளவைச் சொல்லுங்க தங்கச்சி."

"அளவெதுக்கு பைசர் நானா? கிடாரத்தையே வைச்சுக் கட்டுங்கோ. பிழைக்காது."

"அதுவும் நல்ல பேச்சு" என்றார் அவர். முன்சுவர் எழும்ப முதலே கிடாரத்தைத் தூக்கிவந்து மூலையில் வைத்தோம். அதைச் சுற்றி மேடை கட்டினார். பிறகு முன்சுவர் கட்டினார். பிறகு கதவு நிலை வைத்தார். வெள்ளையும் அடித்தார். ஓர் அங்குலம் வீணில்லை. குசினியைப் பார்த்த கிறேஸ் அக்கா தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினா. அதுவே எங்களுக்குப் பெரிய பாராட்டு.

பெருநாள் காலை. கோயில் முகப்பில் விறகும் மூன்று பெரிய கல்லும் தயார். நண்டு, இறால், கணவாய் எல்லாம் கழுவியாயிற்று. கிடாரத்தை எடுக்க நானும் இன்பாஸும் இன்னும் இரண்டு பெடியளும் போனோம். தூக்கினோம், நடந்தோம், வாசலில் நின்றோம்.

கதவு நிலை இரண்டரை அடி.

சரித்துப் பார்த்தோம். கவிழ்த்துப் பார்த்தோம். காதை முதலில் விட்டோம், அடியை முதலில் விட்டோம். இன்பாஸ் குசினிக்கு உள்ளே நின்று தள்ள, நான் வெளியே நின்று இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. மணல் குசினியில் அதைக் கயிற்றுக்கு மேலால் தூக்கித் தூக்கித்தான் எடுத்து வைத்திருக்கிறோம். சனத்தை வாசலால் வரப் பழக்கின எங்களுக்குக் கிடாரத்தையும் வாசலால் வரப் பழக்கத் தோன்றவில்லை.

சத்தம் கேட்டு ஒழுங்கையே கூடிவிட்டது. பைசரும் வந்து நிலையையும் கிடாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க உள்ளுக்க வைக்கத்தானே சொன்ன. எடுக்கவும் வேணுமெண்டு ஒருத்தரும் சொல்லேல்லயே!" என்றார்.

கிறேஸ் அக்கா முன்னுக்கு வந்தா. "இதிலென்ன யோசனை? நிலையை உடையுங்கோ. வெளியில வந்த கிடாரம் கூழ் முடிய நேரா என்ர குசினிக்கு வரட்டும். திரும்பத் திரும்பச் சுவர் உடைக்கேலாது தானே?"

சிங்கராசா மாமா தலையைச் சொறிந்தார். அவ சொன்னதில் நியாயம் இருந்தது. பைசர் உளியைக் கையில் எடுத்துவிட்டார்.

டிலோ வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். "உடைக்க விடமாட்டன். மாமா, கூழ் வேணுமோ, கிடாரம் வெளியில வரவேணுமோ?"

"கூழ்தான் வேணும் பிள்ளை. பூசை துடங்கப் போகுது."

"அப்ப எல்லாரும் கோயிலுக்குப் போங்கோ. நான் உள்ளுக்கே காய்ச்சுறன்."

மிஞ்சின சீமெந்துக் கல்லை அடுக்கி, கழுதை மூலையிலேயே கிடாரத்தை ஏற்றினோம். விறகு பற்றியது. புகையில் பாதி புகைக்கூட்டால் போனது, மீதி எங்கள் கண்ணுக்குள் போனது. வெள்ளைச் சுவர் எங்கள் முன்னாலேயே கறுத்தது. இன்பாஸ் ஓடிப்போய்த் தன் போட்டின் துடுப்பைக் கழுவிக்கொண்டு வந்தான். அந்தக் குசினிக்குள் டிலோ துடுப்பால் கூழ் துழாவினாள். அங்கே திரும்பினாலும் இங்கே திரும்பினாலும் எதிலும் முட்டவில்லை. மணலில் பழகினது அப்படி!

பூசை முடிந்து சனம் வர, கம்பி போடாத யன்னலால் கோப்பையை நீட்டச் சொன்னாள். வேறு வழியில்லாமல் ஒருவர் பின்னால் ஒருவராக நின்றார்கள். மற்ற வருசங்களில் கிடாரத்தைச் சுற்றித் தள்ளுமுள்ளுப்படுவார்கள், ஆருடைய நண்டை ஆர் எடுத்தது என்று வழக்கு வரும். இந்த முறை சத்தமே இல்லை. எல்லாருக்கும் முதலில் டிலோ ஒரு கரண்டி வாயில் வைத்தாள். கண் இரண்டும் சிவந்து, முகம் கரி. யன்னலுக்கு வெளியே சுவாமி கோப்பையோடு நின்றார்.

"சரி" என்றாள்.

மூன்றாம் தரம் கூழ் வாங்க வந்த சிங்கராசா மாமா யன்னலையும் வரிசையையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இனிமே இப்பிடித்தான். கிடாரம் நிண்ட இடத்தில நிக்கட்டும்."

"அப்ப வருசா வருசம் நாங்கள் இவளின்ர யன்னலிலயோ நிக்கிறது?" என்றா கிறேஸ் அக்கா.

"ஓம். தள்ளி நில் கிறேஸ், வரிசை போகட்டும்."

சுவருக்குத் திரும்ப வெள்ளை அடித்தாயிற்று. கிடாரத்துக்குள் அரிசி மூட்டை இருக்கிறது. அரிசிக்குக் கீழே வெங்காயமும் இருக்கிறது, அதை மாமாவிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

போன கிழமை கிறேஸ் அக்கா தன் குசினியையும் உடைத்துக் கட்டப்போவதாகச் சொல்லிக்கொண்டு வந்தா. வேலியடியில் நின்று கொஞ்ச நேரம் காலநிலையைப் பற்றிக் கதைத்தா. பிறகு குரலைத் தாழ்த்தி டிலோவிடம் கேட்டா:

"அது கிடக்கட்டும், அண்டைக்கு வந்து படுத்த கழுதை எது பிள்ளை?"