முகப்பில் இருந்த படம்

யுத்தம் முடிந்த வருடத்தின் தொடக்கத்தில்தான் அந்த வேலை என்னிடம் வந்தது. கல்முனையில் ஒரு தையல் கடைக்குப் பின்னால், இரண்டு சிறிய அறைகளில், ஓர் அக்கா, மனக்கஷ்டம் உள்ளவர்கள் வந்து கதைத்து ஆறுகிற உளவளத்துணை நிலையம் நடத்திவந்தார். சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டு நிறுவனம் ஒன்று தொடங்கிவைத்தது. அவர்கள் போன பின் அக்கா தனியாளாக அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் இந்துத் தமிழர். வருகிறவர்களில் பாதிப்பேர் எங்கள் முஸ்லிம் பெண்கள். சட்டை தைக்கக் கொடுப்பதுபோல் உள்ளே போய்விடலாம் என்பது அவர்களுக்கு வசதியாக இருந்தது.

நிறுவனம் விட்டுப்போனவற்றில் ஓர் இணையத்தளமும் இருந்தது. முழுக்க ஆங்கிலம். அதைத் தமிழில் புதிதாகச் செய்துதர வேண்டும் என்றார்.

"இஞ்ச ஆரக்கா இதெல்லாம் பாக்கப் போறாங்க?" என்று கேட்டேன்.

"இஞ்ச இருக்கிறவங்க இல்ல புள்ள. கட்டார்ல இருந்து பாக்காங்க, சவூதில இருந்து பாக்காங்க. பொஞ்சாதி சோறு தின்னுறாவில்ல, ஒண்டும் கதைக்கிறாவில்ல எண்டு போன் எடுத்து அழுறாங்க. அவங்களுக்கு வழி தெரியோணும்."

எனக்கும் வேலை தேவைப்பட்டது. கல்யாணக் கார்டு தட்டச்சு செய்வேன். ஒரு வகுப்பில் படித்துவிட்டு இரண்டொரு கடைகளுக்கு இணையத்தளமும் செய்திருந்தேன். என் கணவரைக் கடல் கொண்டுபோய்விட்டது. அடக்கம் செய்ய ஜனாஸாகூடக் கிடைக்கவில்லை. கணவனை இழந்தவள் மறைந்திருக்க வேண்டிய இத்தாக் காலத்தை அகதி முகாமாக மாறிய பள்ளிக்கூடத்தில், சேலை கட்டி மறைத்த ஒரு மூலையில் இருந்து முடித்தேன். பிறகு வீட்டுத்திட்டத்தில் மாடி வீடொன்று தந்தார்கள். பல ஊர், பல தெரு ஆட்களைக் கொண்டுவந்து அடுக்கிவைத்த கட்டிடம் அது. பகல் முழுக்க ஒருவரோடும் பேசாமல் போய்விடும். பின்னேரம் கீழே இறங்கி மீன்காரரிடம் "அரைக் கிலோ சூரை தாங்க" என்று சொல்லும்போது, என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவதுபோல் கேட்கும்.

அக்காவின் மேசையில் லெப்டொப்பைத் திறந்து அந்தத் தளத்தின் முகப்பைப் பார்த்தேன். பெரிதாக ஒரு படம். உடைந்த பலகைகளுக்கு நடுவில் ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நிற்கிறாள். தலையில் முக்காடு இல்லை. இடுப்பில் ஆண்களின் சாரன். கீழே, நம்பிக்கையைப் பற்றி ஆங்கிலத்தில் ஏதோ ஒரு வரி.

அந்தப் பெண் நான்.

யார் எடுத்தார்கள் என்று தெரியாது. உடுத்தியிருந்தது அலையில் கிழிந்துபோனதால், முகம் தெரியாத ஒருவர் திரும்பி நின்று நீட்டிய சாரன் அது. எங்கள் வீடு இருந்த இடத்தைத் தேடிப் போய் நின்றிருக்கிறேன். அக்காவிடம் அன்று ஒன்றும் சொல்லவில்லை. தளத்தின் பிரதியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வேலை மாதக்கணக்கில் இழுத்தது. தமிழ் எழுத்து சில கணினிகளில் வெறும் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. அதைச் சரிசெய்து முடித்தால், உளவளத்துணை என்ற சொல் பெரும் தொல்லையாக இருந்தது. அதைப் படித்துக் காட்டினால் கீழ்வீட்டு மாமி, "பைத்தியத்துக்கு மருந்து குடுக்கிற எடமா?" என்று கேட்டார். கடைசியில் அக்காவும் நானும் சேர்ந்து, 'மனசில் இருப்பதை இங்கே வந்து கதைக்கலாம். வெளியே போகாது' என்று முகப்பில் எழுதினோம்.

ஆனால் ஒவ்வொரு நாளும் வேலையைத் தொடங்குமுன் அந்தப் பழைய படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். எங்கள் வீட்டில் இருந்த படங்களெல்லாம் தண்ணீரோடு போய்விட்டன. இதில் மட்டும், ஓரத்தில், எங்கள் கிணற்றுக் கட்டு தெரிந்தது. வேறெங்கோ இருக்கிற எத்தனையோ பேர் என் முதுகைப் பார்த்து இரக்கப்பட்டிருப்பார்கள். ஆனால் என்னை இன்னார் என்று அறிந்த ஒருவர்கூட அவர்களில் இல்லை.

படங்களைத் தெரிவுசெய்கிற நாள் வந்தது.

"மற்றதெல்லாம் எடுங்க புள்ள. இது மட்டும் கிடக்கட்டும்" என்றார் அக்கா. "முகம் தெரியல்லதானே, ஆருக்கும் கரைச்சல் இல்ல."

"இதையும் எடுப்பம் அக்கா."

"ஏன்? நல்ல படம்."

"அது நான் அக்கா."

அவர் திரையைப் பார்க்கவில்லை; என்னைத்தான் பார்த்தார். பக்கத்தில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"இவ்வளவு நாளும் இதப் பாத்துப் பாத்தா வேல செஞ்சீங்க?"

"ஓம்."

அக்கா எழுந்து பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்து வைத்தார். நான் கதைக்கத் தொடங்கினேன். சாரனைப் பற்றி. அன்று காலை மீன் வாங்கக் கடற்கரைக்குப் போன என் கணவரைப் பற்றி. என்ன மீன் வேண்டும் என்று அவர் கேட்டதற்குக் குசினிக்குள் இருந்தபடி, "எதெண்டாலும் வாங்குங்க" என்று நான் சொன்னதைப் பற்றி. தையல்காரர் கடையைப் பூட்டும்வரை கதைத்தேன். அதன் பிறகு அந்தப் படத்தை எடுத்துவிட்டோம். அந்த இடத்தில் வேறு படம் வைக்கவில்லை.

தளம் முடிகிற தறுவாயில் யுத்தம் முடிந்தது. பஜாரில் வெடி கொளுத்தினார்கள். முச்சக்கர வண்டிகளில் கொடி பறந்தது. நான் போனபோது அக்கா யன்னலைச் சாத்திவிட்டு, தன்னிடம் வருகிறவர்கள் உட்காரும் கதிரையில் இருந்தார். கையில் போன்.

"என்ன அக்கா?"

"ஒண்டுமில்ல புள்ள. தலையிடி."

அவருடைய தம்பி கடைசிச் சண்டை நடந்த வன்னியில் இருந்ததையும், பல மாதமாகத் தொடர்பே இல்லை என்பதையும் தையல்காரர் எனக்கு முன்பே சொல்லியிருந்தார். 'கதையுங்க அக்கா' என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவர்களுடைய தமிழ் ஊருக்கும் எங்களுடைய முஸ்லிம் ஊருக்கும் இடையில் நடந்து, பேசாமல் விட்டவை நிறைய. அன்றைக்கு அந்த அறைக்குள் அவையும் இருந்தன. பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். அந்தித் தொழுகைக்கு மஃரிப் பாங்கு சொல்லும்வரை வெடிச்சத்தம் ஓயவில்லை. அவர் அழவுமில்லை.

சில நாட்களில், வன்னியில் இருந்து வந்தவர்களை அடைத்துவைத்த முகாம்களில் தம்பியைத் தேட வவுனியாவுக்குப் போனார். "ஒரு கிழமைல வந்திருவன்" என்றார். வரவில்லை. மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு நாள் போன் எடுத்தார்.

"முகப்பில ஒரு வசனம் போடுங்க புள்ள. நிலையம் இப்ப நடக்கல்ல எண்டு. என்ட நம்பரையும் எடுத்திருங்க."

"தம்பி?"

"தேடுறன்."

லைன் அறுந்தது. பிறகு நான் எடுத்தபோதெல்லாம் அந்த நம்பர் வேலை செய்யவில்லை. தையல்காரர் அந்த அறைகளில் துணி அடுக்கத் தொடங்கினார். நான் வசனத்தைப் போட்டேன். அதில் 'தற்காலிகமாக' என்ற சொல்லை அக்கா சொல்லாமலே சேர்த்தேன்.

அதற்குள் யாரோ கட்டாரில் இருந்து தளத்தைப் பார்த்துத் தன் மனைவிக்குச் சொல்லியிருக்கிறார். கடைக்கு வந்து விசாரித்த அந்தப் பெண்ணைத் தையல்காரர் என் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். மாடிப்படி ஏறி மூச்சு வாங்க நின்றார்.

"நீங்களா அந்த மிஸ்?"

"இல்ல ராத்தா. அவ இல்ல இப்ப. உள்ளுக்கு வாங்க."

வந்து உட்கார்ந்தார். வெயிலைப் பற்றிச் சொன்னார். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னார். மற்றது எதுவும் அவர் வாயில் வரவில்லை. எப்படிக் கேட்பது என்று எனக்கும் தெரியவில்லை. போகும்போது வாசலில் செருப்பைப் போட்டபடி, "மிஸ் திரும்பி வருவாவா?" என்று கேட்டார்.

"வருவா" என்றேன்.

அவர் படியிறங்கிப் போகிற சத்தம் ஓயும்வரை கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றேன். பிறகு கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தேன்.