வேண்டாம் என்றுதான் சொன்னேன்

எண்ணூரில் எங்கள் தெருவுக்குப் பின்னால் நிலக்கரிக் கிடங்கு ஒன்று வரப்போகிறது என்று, மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டத்தைக் கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். என் மனைவிக்கு ஏற்கெனவே இளைப்பு. கிடங்கும் வந்தால் வீட்டைக் காலி செய்வதைத் தவிர வழியில்லை. அதனால் அவளையும் கூட்டிக்கொண்டு பேசப் போனேன்.

வாசலில் போலீஸ் வேன். மேடைக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர், பேசுகிறவர்களையெல்லாம் தன் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அரசாங்கக் கேமரா தனியாக இருந்தது. இவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

பேச்சுரிமை அரசியல் சாசனத்தில் பத்திரமாக இருக்கிறது. அன்று என் தொண்டையில்தான் இல்லை. மைக்கைப் பிடித்ததும் அதிகாரிகளை வாழ்த்தினேன், கம்பெனியை வாழ்த்தினேன், மைக்செட் போட்டவரைக்கூட விடவில்லை. வாழ்த்த ஆள் தீர்ந்த பிறகு, “ஆனா கிடங்கு வேணாங்க” என்று சொல்லிவிட்டு ஓடிவந்து உட்கார்ந்தேன்.

“கல்யாணத்துக்கு வந்தவன் கணக்கா பேசிகினு வர்ற,” என்றாள் மனைவி. “மொய் எழுதிட்டியா?”

பதிவானதைக் கடைசியில் எல்லாருக்கும் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. அதற்குள் பாதி மண்டபம் பிரியாணிப் பொட்டலத்தோடு கிளம்பியிருந்தது. அதிகாரி வேகமாக வாசித்தார். என் பெயர் வந்தது. திட்டத்தை வரவேற்றுப் பேசினாராம். அவ்வளவுதான்.

“இன்னாய்யா, என் மூச்சுக்கும் சேத்து வரவேத்துட்டியா?” என்றாள். அவள் நெஞ்சு விசிலடித்தது.

எழுந்தேன். மைக் ஒயரைச் சுருட்டிவிட்டார்கள், கத்த வேண்டியிருந்தது. “நான் வேணாம்னு சொன்னேன் சார். அத்தயும் எழுதுங்க.”

அதிகாரி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. “எழுதிடலாம். பேரு, விலாசம் இன்னொரு தடவை சொல்லுங்க. நிதானமா.”

வெள்ளைச் சட்டைக்காரர் காலி நாற்காலிகளுக்கு நடுவே நடந்துவந்து, என் முகத்துக்கு நேரே செல்போனைத் தூக்கினார். பக்கத்து வீட்டுக் கதவு எண்ணைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனுஷர், கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் என்னுடையதைத்தான் சொன்னேன். திருத்தி வாசித்தார்கள்: ‘திட்டம் வேண்டாம் என்றார்.’

அதிலிருந்து சாயங்காலங்களில் எதிர்ச் சுவரோரம் ஒரு பைக் வந்து நிற்கிறது. அதில் உட்கார்ந்திருப்பவர் எங்கள் வீட்டையே பார்க்கிறார். பிறகு போய்விடுகிறார்.

“கொரியரா இருப்பான்,” என்றேன்.

“கொரியர்னா கதவத் தட்டுவான்யா,” என்று மனைவி ஜன்னலைச் சாத்தினாள். தூசிக்காகத்தான் என்று இருவருமே சொல்லிக்கொண்டோம்.