நான்கு கட்டுரைகள்

பேராசிரியர் என்னிடம் நீட்டியது ஒன்பது பக்க நகல். அவரே எழுதி, கணித இதழ் ஒன்றில் அச்சான கட்டுரை. முனைவர் பட்ட ஆய்வுக்கு யார் போய்க் கேட்டாலும் உடனே ஒப்புக்கொள்ள மாட்டார். தன் கட்டுரையில் ஒரே ஒரு வரியை வேண்டுமென்றே தப்பாக மாற்றிக் கொடுப்பார். கண்டுபிடித்தால்தான் கையெழுத்து. நான் நுழைவுத் தேர்வில் தேறி, நேர்காணலும் முடித்திருந்தேன். வழிகாட்டியின் ஒப்புதல் கடிதம் மட்டும்தான் பாக்கி.

ராமநாதபுரத்திலிருந்து சாயல்குடி திரும்பும் பஸ்ஸில், ஏர்வாடி தாண்டுவதற்குள் மாற்றிய வரி கிடைத்துவிட்டது. மூன்றாம் பக்கம். அத்தோடு மூடி வைத்திருக்கலாம். அந்தப் புத்தி எனக்கு எப்போதுமே கிடையாது. ஏழாம் பக்கத்தில் இன்னொன்று இடறியது. புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் பற்றிய தேற்றம் அது. எந்தப் படத்துக்கும் பொருந்தும் என்று நிறுவியிருந்தார். வீட்டில் ஆறே புள்ளிகளில் ஒரு படம் வரைந்தேன். பொருந்தவில்லை. நூலகத்தில் அச்சான இதழைத் தேடிப் பார்த்தேன். அதிலும் அப்படியேதான் இருந்தது.

அவர் மனம் கோணிவிடக் கூடாதென்று, மூன்றாம் பக்கத்தை மட்டும் முதலில் சொன்னேன். சந்தோஷமாக ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அதைப் பைக்குள் வைத்த பிறகே நான் வரைந்த படத்தை எடுத்து நீட்டினேன். அந்தச் சாமர்த்தியத்தை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

வெகுநேரம் பார்த்தார். "இது நான் வச்சதில்லம்மா," என்றார். "இத்தன வருசமா ஒருத்தரும் சொல்லலயே." குரலில் கோபமில்லை, அசதிதான் இருந்தது.

கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக இதழுக்கு அன்றைக்கே எழுதினார். அவர் சொல்லச் சொல்ல நான் கணினியில் அடித்தேன். தவறைக் கண்டவர் என்று என் பெயரையும் சேர்க்கச் சொன்னார். அனுப்பிவிட்டு, "இனி எனக்கு நாலுதான்," என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பல்கலைக்கழக விதிப்படி, வழிகாட்டியாக இருக்க ஐந்து கட்டுரைகள் அச்சாகியிருக்க வேண்டும். வகுப்புகளுக்கும் விடைத்தாள்களுக்கும் நடுவே, பணிக்காலம் முழுக்க அவர் எழுதியதே ஐந்து. என் பையில் இருந்த கடிதத்திலும் ஐந்து என்றுதான் இருந்தது.

அவர் என் பையைப் பார்க்கவேயில்லை. "டீ சொல்லிட்டு வாரேன், இங்கன இரு," என்று எழுந்து போனார். கடிதத்தை எடுத்து அவர் மேசையில் வைத்தேன். திரும்பி வந்து அதைக் கண்டவர், நான்காகக் கிழித்தார்.

வேறு வழிகாட்டி கிடைக்க எனக்கு மூன்று வருடம் ஆனது. அவர் ஓய்வு பெறும்வரை ஐந்தாவது கட்டுரை எழுதவில்லை. இப்போது என்னிடம் சேர வருகிறவர்களுக்கு மதிப்பெண், நுழைவுத் தேர்வு, நேர்காணல் என்று நாள் முழுக்க ஒப்பித்து அலுத்துப்போகிறேன். அந்த அலுப்பில் சில நாள், அன்று பையோடு எழுந்து போயிருக்கலாமே என்று தோன்றும். போயிருந்தால், அவர் கடைசிவரை அந்தக் கடிதத்தைக் கேட்டிருக்க மாட்டார்.