முதலில் ரத்தம், பிறகு மாத்திரை

செய்தி வந்தபோது ஃபேரர் பார்க்கில் உள்ள எங்கள் போதை மறுவாழ்வு இல்லத்தின் மருந்துக் கவுண்டரைத் திறந்துகொண்டிருந்தேன். மைமூன் அக்காவின் தங்கை ஜரீனா கைபேசியில் அழைத்தார். “லாத்தா மவுத்தாயிட்டாங்க, செல்வம். சுபுஹு தொழுகைக்கு அப்புறம்தான்,” என்றார். அக்கா இறந்த செய்தியை அவ்வளவில் சொல்லி அழைப்பைத் துண்டித்தார். கவுண்டருக்கு வெளியே, குடியை விட வந்தவர்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்து, மாத்திரை கொடுத்து, விழுங்கியதைப் பார்த்து அனுப்பினேன். கடைசி ஆள் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் மைமூன் அக்காவிடம் பயிற்சி பெற்றவர்கள். மருந்தாளராக ஒரு மருத்துவமனையில் இருந்துவிட்டு, போதை மறுவாழ்வு இல்லங்களுக்குப் போய் எங்களைப் போன்ற பணியாளர்களுக்கு மருந்தை எப்படிக் கையாளுவது என்று சொல்லிக்கொடுக்க வந்தவர். அவர் முகத்தின் இடப்பக்கம் சற்று உள்வாங்கியிருக்கும். அது எப்படி நேர்ந்தது என்று ஆளுக்கு ஒரு கதை சொல்லக் கேட்டிருக்கிறேன். அன்று அந்த அறையில் நான் இருந்தேன். நடந்தது நடந்தபடி ஓரிடத்தில் இருக்கட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

அவர் எங்கள் இல்லத்துக்கு முதன்முதலாக வந்த நாளே ரத்தத்தில்தான் தொடங்கியது. தூக்க மாத்திரை கூடுதலாகக் கேட்டு மறுக்கப்பட்ட ஒருவர், சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பானைப் பிடுங்கிக் கவுண்டர் கண்ணாடியில் ஓங்கி அடித்தார். உடைந்த கண்ணாடிக்குள் கையை விட்டு மருந்துப் பெட்டியை இழுத்தார். மணிக்கட்டு கிழிந்தது. மாத்திரைகள் தரையெங்கும் சிதறின. எங்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டுமே என்ற பயம். குனிந்து மாத்திரைகளைப் பொறுக்கத் தொடங்கினோம். மைமூன் அக்கா தன் தலைத்துணிக்கு மேல் போட்டிருந்த சால்வையை உருவி அந்த மனிதரின் கையில் இறுக்கிச் சுற்றினார். அவர் திமிறித் திட்டியபோதும் பிடியை விடவில்லை.

“என்ன பொறுக்குறீங்க எல்லாரும்? முதல்ல ரத்தம். மாத்திரை அப்புறம்,” என்று எங்களைப் பார்த்துக் கத்தினார். சிரித்த முகத்தோடு வந்த பயிற்சியாளரின் குரலை நாங்கள் அப்படித்தான் முதலில் கேட்டோம்.

தேநீர் இடைவேளையில் நான் எல்லோரும் கேட்கும் கேள்வியைக் கேட்டேன். “உங்க வீட்ல யாருக்காவது இந்தப் பழக்கம் இருந்துச்சாக்கா?”

“யாருக்கும் இல்ல லா. எங்க அத்தா டீயே ஆற வச்சுத்தான் குடிப்பாரு. இது என் வேலை, செல்வம். வேலைய ஒழுங்கா செய்யணும்னு நெனைக்கிறேன். அதுக்கு ஒரு சோகக் கதை வேணுமா?”

அந்த மாதத்தில் இன்னொன்று நடந்தது. ஒருவர் மாத்திரையை நாக்குக்கடியில் ஒளித்து வைத்து, வெளியே எடுத்து மற்றவர்களுக்குக் கொடுத்துவந்தார். அது ஒரு மாலையில் குளியலறையில் சண்டையாக வெடித்தது. இரண்டு பேரையும் பிரித்தபோது ஒருவரின் காது மடல் பாதி கடிபட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. மறுநாளிலிருந்து நாங்கள் டார்ச் அடித்து, தாடையைப் பிடித்து, வாய்க்குள் விரலை விட்டுத் தேடத் தொடங்கினோம். எங்களில் ஒருவரின் விரல் எலும்பு தெரியக் கடிபட்டது. மைமூன் அக்கா வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

“தண்ணி நெறைய குடுங்க. குடிச்சதும், மத்தியானம் என்ன சாப்ட்டீங்கன்னு கேளுங்க. முழு பதில் வர்ற வரைக்கும் அவர் மூஞ்சியப் பார்த்துக்கிட்டு நில்லுங்க. நாக்குக்கடியில மாத்திரைய வச்சுக்கிட்டு ஒருத்தரால மீன் கறியப் பத்திப் பேச முடியாது. அப்பவும் சந்தேகமா இருந்தா, வாயைக் காட்டச் சொல்லிக் கேளுங்க. கை வைக்காதீங்க.” அதன் பிறகு கடிபடுவது நின்றது. வரிசையில் சமையலைப் பற்றிய புகார்கள் மட்டும் கூடின.

இனி அந்த நாளைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்ட இருவரும் உயிரோடு இருப்பதால் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

ரவி லாரி ஓட்டுநர். பல வருடங்கள் விடாமல் குடித்துவிட்டு எங்களிடம் வந்தவர். திடீரென்று குடியை நிறுத்தினால் வலிப்பும் பித்தும் வரலாம் என்பதால், மருத்துவர் சில நாள்களுக்கு மாத்திரை கொடுத்து, படிப்படியாகக் குறைக்கச் சொல்லியிருந்தார். ஜெகன் அன்றைய ஷிஃப்ட் பொறுப்பாளர். என்னோடு பல காலம் வேலை பார்த்தவர், நல்ல உழைப்பாளி, முன்கோபி. சம்பவத்துக்கு முந்தின நாள் காலையில் ரவி ஜெகனின் தாயை இழுத்துக் கெட்ட வார்த்தை சொல்லியிருக்கிறார். ஜெகன் ரவிக்கு மாத்திரையைக் கொடுக்கவில்லை. மாலையிலும் கொடுக்கவில்லை. மறுநாள் காலையிலும் கொடுக்கவில்லை. இது எங்கள் யாருக்கும் தெரியாது.

அன்று முற்பகல் மைமூன் அக்கா கீழ்த்தளத்தில் எங்களுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். கதவை உதைத்துத் திறந்துகொண்டு ரவி உள்ளே வந்தார். சட்டை வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கைகள் நடுங்கின. சுவரெல்லாம் ஏதோ ஊர்வதாகச் சொல்லி அலறினார். கதவருகே இருந்த நான் எழுந்து அவர் தோளைத் தொட்டேன். என்னைத் தூக்கி எறிந்தார். மேசை விளிம்பில் விலா மோதி மூச்சே நின்றுவிட்டது. மைமூன் அக்கா ஓடவில்லை. “ரவி, நான் மைமூன்...” என்று ஆரம்பித்தார். ரவி இரும்பு ஸ்டூலைத் தூக்கி அவர் முகத்தில் அடித்தார். அந்தச் சத்தத்தை என்னால் எழுத முடியாது.

பிறகு நாலைந்து பேர் ரவியின் மேல் விழுந்தார்கள். குப்புறத் தள்ளினார்கள். ஒருவர் முதுகில் முட்டி போட்டு அழுத்தினார். ஜெகன் அவர் தலையைத் தரையில் மோதினார். இன்னும் இருவர் விலாவில் உதைத்தார்கள். அக்காவின் மேல் எங்களுக்கு இருந்த பாசமெல்லாம் அந்த உதைகளில் இறங்கியது. ரவியின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

அக்கா தவழ்ந்து வந்தார். ஒரு கண் அதற்குள் மூடிவிட்டது. வாயிலிருந்து ரத்தமும் எச்சிலும் வழிந்தன. ரவியின் தலைக்கும் தரைக்கும் நடுவே தன் உள்ளங்கையை வைத்தார். ஜெகனின் அடுத்த அடி அந்தக் கையில்தான் விழுந்தது.

“முதுகுலேர்ந்து எந்திரிங்க! மூச்சு விட முடியல அவரால! திருப்பிப் போடுங்க!”

எழுந்தார்கள். அவர் ரவியைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்தார். நடுங்கும் விரல்களைப் பார்த்தார். நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.

“இவருக்குக் காலையில மாத்திரை குடுத்தது யாரு?”

ஜெகன், இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டு, “நான்தான் குடுக்கல. நேத்துலேர்ந்து குடுக்கல. எங்கம்மாவ அசிங்கமா பேசினான்,” என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் ரவியின் உடம்பு வில்லாக வளைந்து வலிப்பு கண்டது. தெருவில் இரண்டு ஆம்புலன்ஸ்கள் வந்து நின்றன. ஒன்றில் ரவி, மற்றொன்றில் அக்கா.

அக்காவின் கன்ன எலும்பு உடைந்திருந்தது. இடக் கண்ணின் பார்வை பாதி போய்விட்டது. நிர்வாகத்திலிருந்து பழக்கூடையோடு ஒருவர் மருத்துவமனைக்கு வந்தார். நான் கட்டிலருகே இருந்தேன். நோயாளி வெறிபிடித்துத் தாக்கினார் என்று மட்டும் சொன்னால் போதும், மருந்து விஷயத்தை இல்லத்துக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றார் அவர் மிகவும் பணிவாக. அக்கா தாடையை அசைக்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டார். பிற்பகலில் போலீஸ் அதிகாரி வந்தபோது கண்ணைத் திறந்தார்.

“அடிச்சது அவர்தான். அடிக்கிற நெலமைக்குக் கொண்டுபோனது நாங்க. ரெண்டையும் எழுதிக்குங்க,” என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் வலியில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

ரவிமீது வழக்குத் தொடரவில்லை, எச்சரிக்கையோடு விட்டார்கள். ஜெகனைச் சமையலறைக்கு மாற்றினார்கள். அக்காவை எங்கள் இல்லத்துக்கு அழைப்பது நின்றுபோனது.

மறு வருடம் வேறு நிர்வாகி வந்து அவரைத் திரும்ப அழைத்தார். அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: ஜெகனும் வகுப்பில் இருக்க வேண்டும். ஜெகன் வந்தார். வந்தவர் பாதி வகுப்பில் எழுந்து, சமையலறைச் சாவிக்கொத்தைக் கழற்றி அக்காவைப் பார்த்து வீசினார். அது அவர் காதுக்குப் பக்கத்தில் சுவரில் பட்டுத் தெறித்தது.

“என்னை போலீஸ்ல மாட்டி விட்டுட்டு இப்ப பாடம் எடுக்க வந்தீங்களா? நல்லவங்க மாதிரி?”

அக்கா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவர் பயந்து நான் பார்த்தது அன்றுதான். பிறகு கைகளை எடுத்துவிட்டு ஜெகனைப் பார்த்தார்.

“எனக்குப் பயமா இருக்கு, ஜெகன். காலு நடுங்குது. நீங்க உட்காருங்க, நானும் உட்காரணும்.”

ஜெகன் நின்றுகொண்டே இருந்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து அவருக்குப் போட்டார். தான் தரையில் உட்கார்ந்தார். அக்கா உட்கார்ந்தபடியே மெல்லிய குரலில் வகுப்பைத் தொடர்ந்தார். “நமக்கு ஒருத்தர் மேல கோவம் வரும். வரட்டும். அந்த நேரத்துல கவுண்டர் சாவியப் பக்கத்துல இருக்கறவங்ககிட்ட குடுத்துடுங்க. கோவம் நம்மளோடது, மருந்து அவரோடது.” பிறகு கவுண்டர் வேலைக்குத் திரும்பிய ஜெகன் இன்றும் கோபக்காரர்தான். ஆனால் கோபம் ஏறும்போது சாவியை என் மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விடுவார். அக்காவுக்கு ஜனாஸா என்னும் இறுதித் தொழுகை நடந்த அன்று பள்ளிவாசல் வாசலில் ரவி நின்றிருந்தார். ஜெகன் அவருக்கு இரண்டு கை தூரத்தில் நின்றார்.

கடைசியாக நான் அக்காவைப் பார்த்தது பிடோக்கில் உள்ள அவர் வீட்டில். புற்றுநோய் மூளைக்குப் போய்விட்டிருந்தது. கதவைத் திறந்த ஜரீனாவின் முழங்கை முழுக்க நகக் கீறல்கள். “மருந்தத் துப்புறாங்க. என்னையே அடிக்கிறாங்க. கையைக் கட்டிப் போடலாமான்னு தோணுது, செல்வம்,” என்று அழுதார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். வலி மருந்துக் கிண்ணம் சுவரோரம் கவிழ்ந்து கிடந்தது.

“அக்கா, நான் செல்வம்,” என்றேன்.

“யாருடா நீ? திருட்டுப் பய!” என்று அவர் எழுந்து என் வாயில் குத்தினார். எலும்பும் தோலுமான கைக்குள் அவ்வளவு வேகம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. மோதிரம் உதட்டைக் கிழித்தது. நான் பின்னால் நகர்ந்து, அவர் பார்வைக்குத் தாழ இருக்கும்படி தரையில் உட்கார்ந்தேன். அவர் திட்டினார். தலையணையை எறிந்தார். அழுதார். அடங்கினார். அதன் பிறகு மருந்தை நீட்டினேன். குடித்தார். நான் யாரென்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அவரிடம் நான் பெற்ற சான்றிதழ் எங்கேயோ போய்விட்டது. சேர்ந்து எடுத்த படம்கூட இல்லை. என் கீழுதட்டின் உட்புறம் ஒரு சிறு தழும்பு இருக்கிறது. பேசும்போதும் சாப்பிடும்போதும் நாக்கு அதைத் தொட்டுவிட்டு வரும். என் மைமூன் அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். அது ஆறாமலே இருந்திருந்தாலும் எனக்குச் சம்மதம்.