பெட்டிக்குள் முப்பத்தேழு டிகிரி

சாட்சிக் கூண்டில் ஏறுங்கள், வாசகர்களே! ஒரு கொடுமைக்குச் சாட்சி சொல்ல அழைக்கிறேன். இது நடந்தது. எனக்கு நடந்தது. நள்ளிரவில்கூட இல்லை, பட்டப்பகலில். ஐயமுள்ளவர்கள் என் வலது மணிக்கட்டைப் பார்க்கலாம்.

நான் ஒரு மருந்து ஆலையில் இயந்திரம் ஓட்டியவள். எங்கள் சரக்கு அண்டாவில் கொதிப்பதில்லை. பென்சில் பருமனுள்ள கண்ணாடிக் குழாயில் நில்லாமல் ஓடுகிறது. அந்தக் குழாய் ஓர் இரும்புப் பெட்டிக்குள் நுழைகிறது. அங்கே மைக்ரோவேவ். வீட்டில் சோறு சூடாக்கும் மின்னடுப்பில் இருக்கும் அதே அலை. வலிமை மட்டும் பன்மடங்கு. நெருப்பில்லை, புகையில்லை. கண்ணுக்குத் தெரியாத அலை பட்டதும் திரவம் உள்ளிருந்தே சூடேறுகிறது; மறுமுனையில் மருந்தாக வெளிவருகிறது. திரவத்துக்கு நேர்வதே தசைக்கும் நேரும். தோல் அறியுமுன் உள்ளே வெந்துவிடும்.

எனக்கு முன் அதை ஓட்டியவரை மெட்டுக்காரர் என்பார்கள். குழாயில் கட்டி அடைத்தால் மரக்குச்சியால் தட்டிக் கரைப்பாராம். இரண்டு வேகமாக, ஒன்று மெதுவாக. அவர் எங்கே என்று முதல் நாளே கேட்டேன்.

"ஊரோட போயிட்டாரு. உனக்கு வேலை வேணுமா, வம்பு வேணுமா?" என்றார் மேற்பார்வையாளர்.

பம்ப் பார்க்கும் அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

நான் சொன்ன கொடுமை நடந்த அன்று காலை எட்டு மணி. இயந்திரத்தை இன்னும் முடுக்கவில்லை. அறை சில்லிட்டிருந்தது. ஆனால், பெட்டிக்குள் இருந்த வெப்பமானி... முப்பத்தேழு டிகிரி.

"அக்கா, இங்க பாருங்க. யாருக்கோ உடம்புச் சூடு பாத்த மாதிரி காட்டுது."

"காய்ச்சல் இல்லையே, விடு." சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

பத்தரைக்குக் குழாய் அடைத்தது. அழுத்தமானியின் முள் ஏறியது. மேற்பார்வையாளர் ஓடிவந்தார்.

"சார், நிறுத்திடறேன்."

"நிறுத்தினா மறுபடி சூடு நிலைக்கு வர்றதுக்குள்ள பாதிச் சரக்கு சாக்கடைக்குத்தான். கதவைத் திற. கைய விட்டுத் தட்டு."

"அலை இருக்குமே சார்?"

"கதவைத் திறந்தா அலை தானா நின்னுடும்மா, மூடினதும் வந்துடும். படிச்சவதானே நீ?"

நம்பினேன். கதவைத் திறந்தேன். குச்சியை எடுத்தேன்.

டக்டக்... டக்.

பெட்டிக்குள்ளிருந்து.

என் குச்சி என் கையில்தான் இருந்தது.

"என்ன வேடிக்க பாக்குற? தட்டு!"

கையை நீட்டினேன்...

யாரோ மணிக்கட்டைப் பிடித்தார்கள்.

உடம்புச் சூடுள்ள விரல்கள்.

பின்னால் தள்ளின.

விழுந்தேன்.

தரையில் கிடந்தபோதுதான் கண்ணில் பட்டது. கதவுச் சட்டத்தின் அடியில் ஒரு சிறு காந்தம். கதவு மூடியிருப்பதாக இயந்திரத்தை நம்பவைக்கும் காந்தம். கதவோ அகலத் திறந்து கிடந்தது. அலை ஓடும்போது மட்டுமே எரியும் சிவப்பு விளக்கு... எரிந்துகொண்டிருந்தது.

அக்கா பாய்ந்து மின்சாரத்தை நிறுத்தினார்.

மறுநாள் மணிக்கட்டு வீங்கியது. மருத்துவர் நெடுநேரம் அழுத்திப் பார்த்தார்.

"தோல் வேகல. உள்ளதான் வெந்திருக்கு. வீக்கத்துல விரல் பதிஞ்ச மாதிரி மூணு கோடு. யாரும்மா பிடிச்சது?"

என் கை பெட்டிக்குள் போகவே இல்லை.

அக்காவிடம் வழி கேட்டு மெட்டுக்காரரின் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கதவைத் திறந்தார். கையைக் காட்டினேன். கோடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டார்.

"அண்ணி, அவர் ஊருக்குப் போனதா சொன்னாங்க..."

"அப்படிச் சொல்லச் சொல்லி எங்கிட்டயும் ஆள் அனுப்பினாங்க. அந்தப் பெட்டியிலதான் கை வெந்துச்சு. ஆஸ்பத்திரியில ரெண்டு விரலை எடுத்தாங்க. அப்பவும் உடம்பெல்லாம் விஷம் ஏறி..." நிறுத்தினார். "போகும்போது அந்தக் கையில மூணு விரல்தாம்மா இருந்துச்சு."

நான் பிடுங்கி வந்த காந்தம் இதோ, என் மேசைமேல் கிடக்கிறது. அதே இடத்தில் இன்னொன்றை ஒட்டிவிட்டார்கள் என்கிறார் அக்கா. புதிதாக ஒரு பெண்ணை நிறுத்தியிருக்கிறார்கள். காலையில் வெப்பமானி இன்னும் முப்பத்தேழு காட்டுகிறதாம்.

செத்தவர் காவல் நிற்கிறார். உயிரோடு இருக்கும் நாம் எங்கே நிற்கிறோம்? தோழர்களே, நாளை வேலைக்குப் போனதும் உங்கள் இயந்திரத்தின் கதவுச் சட்டத்தைத் தடவிப் பாருங்கள். காந்தம் தட்டுப்பட்டால் பிடுங்குங்கள். எல்லோரும் பார்க்க உயர்த்திக் காட்டுங்கள். அதை ஒட்டியவன் பதில் சொல்லும்வரை ஒரு கையும் உள்ளே போகக்கூடாது!