கமிட்டி தேர்ந்தெடுத்த மவுஸ்

ஆல்பம் அக்காவின் மவுஸ் ஒரே நாளில் சாகவில்லை. ஒரு மாதமாகவே இழுத்துக்கொண்டு கிடந்தது. ஒரு தடவை அமுக்கினால் இரண்டு தடவையாக எடுத்துக்கொள்ளும். படத்தைப் பிடித்து இழுத்தால் பாதி வழியில் கைவிட்டுவிடும். மவுஸ் பேடின் லட்சணம் அதற்கும் மேல்: நடுவில் தேய்ந்து வழவழவென்றாகி, ஓரம் நூல் நூலாகப் பிரிந்து தொங்கியது. கடைசியில் ஒரு திங்கட்கிழமை காலை, புது பேட்டரி போட்டும் அடியிலிருக்கிற சிவப்பு விளக்கு எரியவில்லை.

அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்த ஒரே காரியம் அந்த மவுஸில்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டூடியோவிலிருந்து கல்யாணப் போட்டோக்கள் வரும். பின்னால் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறவர்களை அழித்து, மூடியிருக்கிற கண்ணுக்கு வேறு படத்திலிருந்து திறந்த கண்ணை எடுத்து ஒட்டி, ஆல்பமாக அடுக்கிக் கொடுப்பாள். ஸ்டூடியோவில் அவளுக்குப் பெயரே ஆல்பம் அக்காதான். அந்த வாரம் அங்கிருந்து ஒரு பெரிய வேலை வந்திருந்தது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சுக் குடுத்துட்டீங்கன்னா, இனிமே எல்லா ஆல்பமும் உங்களுக்குத்தான் அக்கா. முடியலைன்னா வேற ஆளைத்தான் பார்க்கணும், தப்பா நினைச்சுக்காதீங்க" என்று ஸ்டூடியோக்காரர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். சிரித்தாலும் சொன்னது சொன்னதுதான்.

ஒரு மவுஸ் வாங்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? தெருமுனைக் கடைக்குப் போனோமா, வந்தோமா என்று இருக்க வேண்டிய விஷயம். ஆனால் அந்த வீட்டில் எதையும் வாங்குகிற அதிகாரம் அவள் கணவரிடம் இருந்தது. அவர் டைல்ஸ் கிடங்கில் மேற்பார்வையாளர். மகள் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் கமிட்டி. ஆள் ஒருவர்தான் என்றாலும், கூடிக் கூடிப் பேசி முடிவெடுக்காமல் இருப்பதில் எந்தக் கமிட்டிக்கும் அவர் குறைந்தவரில்லை.

"என்னங்க, நானே போய் ஒண்ணு வாங்கிட்டு வந்துடறேனே."

"அவசரப்படாதே. கண்ணை மூடிக்கிட்டு எதையாவது வாங்கிட்டு வந்து, அப்புறம் முழிக்கறதுக்கா? நான் பார்த்துச் சொல்றேன்."

அவர் பார்த்துச் சொன்ன கதைகள் ஏராளம். மெத்தை வாங்குவதற்காக அவர் ஆராய்ந்துகொண்டிருந்த காலம் முழுக்கக் குடும்பமே தரையில் படுத்துக் கிடந்தது. வந்த மெத்தை முதுகுக்கு ரொம்ப நல்லதாம். யார் முதுகுக்கு என்பதுதான் இதுவரை தெரியவில்லை.

கம்ப்யூட்டர் மேஜை கதை இன்னும் விசேஷம். மரம், இழுப்பறை, பூட்டு என்று எல்லாவற்றையும் அலசியவர் அறை மூலையை மட்டும் அளக்கவில்லை. மேஜை உள்ளே வந்தபோது அதன் வலது ஓரம் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டது. இடது பக்கம் நகர்த்தலாம் என்றால் அலமாரிக் கதவு திறக்காது. கீபோர்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு டம்ளர் வைக்கத்தான் இடம் மிஞ்சியது. "அச்சுல வார்த்த மாதிரி உட்கார்ந்துடுச்சு பார்!" என்று தட்டிக்கொடுத்துவிட்டு அவர் போய்விட்டார். மேஜையைத்தான் தட்டிக்கொடுத்தார்.

அவள் மவுஸை இடது பக்கம் எடுத்து வைத்துக்கொண்டாள். எழுதுவது, பரிமாறுவது, தலை வாருவது எல்லாம் அவளுக்கு வலது கைதான். மவுஸ் மட்டும் இடது. முதலில் அம்பு கிழக்கே போகச் சொன்னால் மேற்கே போனது. அழுகையாக வந்தது. பிறகு பழகிவிட்டது. இத்தனை வருடங்களில் அவர் அந்த அறைக்குள் எத்தனையோ தடவை வந்து போயிருக்கிறார். அவள் எந்தக் கையால் வேலை செய்கிறாள் என்று ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அவளையும் சும்மா விடுவதற்கில்லை. வாயைத் திறந்து ஒரு நாளாவது சொன்னாளா? இல்லை. மேஜைக்காகத் தன் கையை மாற்றிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

கமிட்டி வேலையில் இறங்கியது. ஹாலில் போனைச் சாய்த்து வைத்து, வெளிநாட்டில் யாரோ ஒரு தாடிக்காரர் மவுஸ்களைக் கவிழ்த்துக் கவிழ்த்துக் காட்டுவதை அவர் இமைக்காமல் பார்த்தார். சென்சாராம், கிளிக் சத்தமாம், மணிக்கட்டுக் கோணமாம். அளவு சரியாக இருக்க வேண்டும் என்று ஸ்கேலை எடுத்துத் தன் வலது உள்ளங்கையை அளந்தார். பெண்கள் கை சின்னது என்று அதில் கொஞ்சம் கழித்துக்கொண்டார். யாருக்காக அளந்தாரோ அவள் பக்கத்து அறையில் இரண்டு கைகளோடும்தான் உட்கார்ந்திருந்தாள். ஒரு குரல் கொடுத்திருந்தால் வந்து நீட்டியிருப்பாள்.

அவள் மகளின் மடிக்கணினியை வாங்கி, அதன் டச்பேடில் விரலைத் தேய்த்துத் தேய்த்து வேலை செய்துகொண்டிருந்தாள். கூந்தல் ஓரத்தை வெட்டப் போனால் விரல் வழுக்கியது. மணப்பெண்ணின் காது பாதி காணாமல் போனது. அதைத் திரும்பக் கொண்டுவந்தால் கம்மல் போனது. நாள் ஓடிக்கொண்டிருந்தது, பக்கம் நகரவில்லை. இந்த வேலை கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை காலை பார்சல் வந்தது. கமிட்டி தன் கையாலேயே பிரித்தது. கட்டைவிரல் உட்கார ஒரு பக்கம் குழிந்து, சாய்ந்து எழும்பிய பெரிய மவுஸ். கூடவே மணிக்கட்டுக்கு மெத்தை வைத்த அகலமான பேட். அவள் இடது கையை வைத்துப் பார்த்தாள். சுண்டுவிரல் போய்க் குழிக்குள் விழுந்தது. கட்டைவிரலுக்குப் போக்கிடம் இல்லை.

"ஏன் அந்தக் கையில பிடிக்கறே?"

"எப்பவும் இந்தக் கைதாங்க."

"எப்பவுமேவா?"

வாசற்படியில் நின்ற மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "அப்பா, எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்லேருந்து அம்மாவுக்கு இந்தக் கைதான்!"

தவறு என்று ஒப்புக்கொண்டால் கமிட்டி என்னாவது? "சரி, அதனால என்ன? வலது கையில பழகிக்கோ. அதுதானே முறை?"

"வலது பக்கம் எங்கே வைக்கறது?"

அவர் பேடைக் கீபோர்டுக்கும் சுவருக்கும் நடுவில் செருகிப் பார்த்தார். பேட் பாதி சுவரில் ஏறி நின்றது. கீபோர்டை இடது பக்கம் தள்ளினார். இப்போது திரை ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம்.

"நீ கொஞ்சம் உடம்பைத் திருப்பி உட்காரேன்" என்றார்.

அவளுக்குச் சுருக்கென்றது. கையை மாற்றியாயிற்று, இனி உடம்பையும் திருப்பிக்கொள்ள வேண்டுமாம். இந்த மனிதர் கழுத்தை ஒடித்துக்கொள்ளச் சொன்னாலும் சரி என்றுதான் சொல்லியிருப்போம் என்று நினைத்தபோது, அவர் மேல் வந்ததைவிடத் தன் மேல்தான் கோபம் அதிகமாக வந்தது. எழுந்து பையை எடுத்துக்கொண்டாள்.

"எங்கே கிளம்பிட்டே?"

"கடைக்கு."

"எந்தக் கம்பெனின்னு பார்க்காமயா?"

அவள் அதற்குள் தெருவில் இறங்கியிருந்தாள். கடையில் வெளியே எடுத்து வைத்திருந்த மவுஸ்களின் மேல் வரிசையாக இடது கையை வைத்துப் பார்த்தாள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரியிருந்த, தட்டையான, சாதாரண மவுஸ் ஒன்று கைக்குள் அடங்கியது. கூடவே ஒரு சின்னத் துணிப் பேட். யாருக்கு என்று கடைக்காரர் கேட்டார். எனக்கு என்றாள்.

அன்று பூராவும் உட்கார்ந்து வேலையை முடித்தாள். வெள்ளிக்கிழமை ஆல்பம் போய்ச் சேர்ந்தது. "அக்கா, பிசிறே இல்லை! இனிமே எல்லாம் உங்களுக்குத்தான்" என்று ஸ்டூடியோக்காரர் போன் செய்தார். கமிட்டி புது மவுஸைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு நாலு ஸ்டார்கூட இல்லையே" என்று உதட்டைப் பிதுக்கியது. தான் வாங்கியதைத் திருப்பி அனுப்ப மட்டும் அதற்கு மனசு வரவில்லை. மவுஸ் டப்பாவோடு அலமாரி மேல் ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை அவர் அந்த மவுஸுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டு மதிப்புரை எழுதி, அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் அனுப்பிவைத்தார். 'என் மனைவியின் தேவைகளை நுணுக்கமாக ஆராய்ந்து தேர்வு செய்தேன். அவர் கைக்கு அளவெடுத்துச் செய்தது போல் உள்ளது. இதனால்தான் அவருக்குப் பெரிய ஆல்பம் வாய்ப்பும் கிடைத்தது.'

உடனே அவருடைய அக்காவிடமிருந்து பதில் வந்தது: 'என் தம்பி மாதிரி யாருக்குக் கிடைப்பான்? அவ குடுத்து வெச்சவ.'

அவள் இரண்டையும் படித்தாள். இந்த ஆல்பம் வாய்ப்புமா இவர் கணக்கில்? குழுவில் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டு நகர்வதுதான் அவள் வழக்கம். இந்தத் தடவை உட்கார்ந்து நிதானமாக எழுதினாள்:

'அண்ணி, அந்த மவுஸ் டப்பாவோட அலமாரி மேல இருக்கு. உங்களுக்கே அனுப்பி வைக்கறேன். கூடவே உங்க தம்பியையும் அனுப்பறேன், எப்படித் திரும்பி உட்காரணும்னு சொல்லிக் குடுப்பார்.'

ஹாலில் அவருடைய போன் டிங் என்றது. அவள் அடுத்த கல்யாணத்தைத் திறந்து, இடது கையை மவுஸ் மேல் வைத்தாள்.