டோலியில் உட்கார்ந்தபடியே கட்சி மாறினேன்

சென்ற வாரம் இதே இடத்தில் நான் போட்ட சண்டை உங்களுக்கு நினைவிருக்கும். ஆலைத் தொழிலாளிகள் வைத்தியத்துக்காகக் கட்டாயம் இன்ஷ்யூரன்ஸ் கட்ட வேண்டும் என்று டில்லியில் சட்டம் வந்திருக்கிறதே... "இன்று ஆலைக்காரன், நாளை நீங்களும் நானும்! வெள்ளைக்காரன் மூட்டை கட்டிய சூட்டோடு நம்மவர்களே நம்மைக் கட்டாயப்படுத்துவதா?" என்று மேஜையைத் தட்டி எழுதினேன். தட்டிய கை இன்னும் வலிக்கிறது.

செவ்வாய்க்கிழமை திருத்தணி மலைக்குப் போனேன். வேண்டுதல். வயிற்றுவலியில் புரண்டபோது, "முருகா, தீர்த்து வை, மலையேறி வருகிறேன்" என்று மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருந்தேன். வலி தீர்ந்தது. மலையைப் பார்த்தேன். என் தொந்தியைப் பார்த்தேன். யார் காலால் ஏறுவது என்று முருகனிடம் நான் பேசவில்லையே?

டோலி பேசினேன்.

முன்னால் இருவர், பின்னால் இருவர் தூக்க வேண்டும். முன்னால் நாதமுனியும் இன்னொருவரும் — நாதமுனி ஒல்லி, முறுக்கு மீசை. பின்னால் அவருடைய மைத்துனன் வெங்கடேசு — கடப்பாரை உடம்பு. வெங்கடேசுவின் ஜோடியான முனுசாமி பக்கத்து ஊரான கே.ஜி.கண்டிகையில் குளிர்ஜுரத்தில் கிடந்தானாம். அவனுக்குப் பதிலாக வந்தவர் குட்டை. டோலி ஒரு பக்கமாகச் சாய்ந்தது; நானும் சாய்ந்தேன். சாய்ந்த மனிதன் வாயை மூடிக்கொண்டு இருக்கலாம் அல்லவா?

"என்னய்யா, கிளம்பினதிலேருந்து ஏதோ தகராறு?" என்றேன்.

"சாயங்காலம் அடிவாரத்துல கூட்டம் சாமி," என்றார் நாதமுனி. "டோலிக்காரங்க எல்லாரும் வாரத்துக்கு ஒரு நடை கூலிய பொதுவுல போட்டுடணும். நோவுல வுழுந்தவனுக்கு அதுல வைத்தியம். எல்லாரும் ஒத்துக்கினா காலைல முனுசாமிக்கு டாக்டர் போவாரு. ஜொரத்துக்குக் கொய்னா மாத்திர வாங்கக்கூட அவன் ஊட்டுல வழியில்லீங்க."

"எல்லாரும்னா நான் வரமாட்டேன் பாவா!" என்று பின்னாலிருந்து குரல். "எனக்குத் தலவலிகூட வந்ததில்ல. நான் ஏன் போடணும்?"

என் கட்சிக்கு ஆள்! "சபாஷ் வெங்கடேசு! சுதந்திரம் என்றால் இதுதான்!" என்று கை தட்டினேன். டோலி குலுங்கியது. கை தட்டுவதை நிறுத்தினேன்.

"அப்போ முனுசாமி சாவட்டும்ங்கற?"

"யார் சொன்னது? அவனுக்கோசரம் நானே மஞ்சத்துணில முடிஞ்சி வச்சிகீறேன். நேத்துகூட கஞ்சி கொண்டும்போய் குடுத்தேன். மனசு வந்து குடுக்கறது வேற பாவா. கழுத்துல துண்டு போட்டு வாங்கறது வேற!"

நான் முழுப் பத்தி எழுதியும் இவ்வளவு நன்றாகச் சொல்லவில்லை. நாதமுனி கட்டையைத் தோள் மாற்றிக்கொண்டார். செங்குத்தான படிகள் வந்தன.

"சரிடா. மனசு வந்தவன்தான் செய்யணும். அப்பிடித்தானே?"

"ஆங்."

"எனக்கு இப்போ தூக்க மனசு வரல."

தோளைத் தாழ்த்தியே விட்டார்! கொஞ்சம்தான். ஆனால் டோலியில் இருப்பவனுக்குக் கொஞ்சம் என்று ஒன்று கிடையாது. பக்கத்துச் சரிவில், எங்கோ பாதாளத்தில், ரயில் ஒன்று பூரான் மாதிரி போய்க்கொண்டிருந்தது.

"ஐயோ! கட்டாயம்! கட்டாயமாகத் தூக்க வேண்டும்!"

நான் போட்ட சத்தத்தில் குரங்குகள் மரம் மாறின. நான் கட்சி மாறினேன்.

நாதமுனி மறுபடி தோள் கொடுத்தார். "பாத்தியாடா? நீ மனசுக்காரன், குடுப்பே. மனசு வராதவன்? இன்னிக்குத் தெம்பா கீறவன்லாம் ஒதுங்கிக்கினா, பாய்ல கெடக்கறவனுக்குப் பாய்ல கெடக்கறவன்தான் குடுக்கணும். எங்கேர்ந்து குடுப்பான்?"

படி ஏற ஏற மூச்சு வாங்கும் சத்தம் மட்டும். (என்னுடையதும் அதில் உண்டு. பயத்துக்கும் மூச்சு வாங்கும்.) உச்சி தெரிகிறபோது வெங்கடேசு மெதுவாக வாய் திறந்தான்.

"பாவா... எல்லாரும்னா எல்லாரும்தானே?"

"ஆமாண்டா."

"அப்ப தூக்கறவன் மட்டும் போட்டா போதுமா? உக்காந்துகினு வர்றவங்களும் போடட்டும். நம்ப தோள்பட்டை நோவறதே இந்த மாதிரி ஐயாமாருங்களாலதான்!"

குட்டை மனிதர் அத்தனை நேரத்தில் அப்போதுதான் பேசினார்: "ஞாயம்!"

இதை எதிர்த்து நான் என்ன சொல்வது? இறக்கிவிட இன்னும் பத்துப் படி பாக்கி இருந்தது. ஒப்புக்கொண்டேன்.

சாயங்காலக் கூட்டத்தில் முதலில் கை தூக்கியவன் வெங்கடேசு. ஒரு கை போதாது என்று இரண்டையும் தூக்கினான். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். மறுநாள் காலை டாக்டரின் வண்டி கே.ஜி.கண்டிகைக்குப் புறப்பட்டது. முன்னால் ஓடி வழி காட்டியவன் யார் என்று நினைக்கிறீர்கள்? தலைவலிகூட வராத அந்தக் கடப்பாரைதான்!

முனுசாமி எழுந்து வந்துவிடுவான். நேராக நிற்கிற டோலியில் ஒருநாள் நானும் ஏறுவேன். அந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும் மலையிலிருந்து நடந்தே இறங்கினேன் — அதற்கு யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.